ஞாயிறு சவாரியில் தேநீருக்கு எங்கே நிற்பது?

கோட்டையூர்க்காரர்

அனைவருக்கும் வணக்கம். நம் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் சவாரியில் தேநீருக்கு எங்கே நிற்பது என்பதை ஒரு முறை கூடிப் பேசி முடிவு செய்யலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். இப்போதைய வழக்கப்படி காரைக்குடியில் புறப்பட்டு, திருமயம் நெடுஞ்சாலையிலேயே போய், கோட்டை கண்ணில் பட்டதும் திரும்பி, ஊருக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் பேக்கரி வாசலில் தேநீர் குடிக்கிறோம். அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. ஒருவர் கடை திறக்க வேண்டும், இன்னொருவர் பிள்ளையை டியூஷனில் விட வேண்டும். கிளாஸைக் கீழே வைத்த கையோடு ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுகிறோம். சேர்ந்து ஓட்டுகிறோமே தவிர, சேர்ந்து பேசுவது குறைந்துகொண்டே வருகிறது. நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே பேசலாம் என்றால் அது முடியாது, கூடவும் கூடாது. பின்னால் வருகிற லாரியின் மேல்தான் காது இருக்க வேண்டும்.

என் யோசனை இதுதான். கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தானுக்குப் போவோம். காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். உடம்பு சூடேறி மூச்சு ஒரு நிலைக்கு வந்திருக்கும் நேரம். அங்கே ஆற அமர உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, நெடுஞ்சாலையைக் குறுக்காகக் கடந்து ஆத்தங்குடி, பலவான்குடி பக்கமாகச் சுற்றி வீடு திரும்பலாம். கானாடுகாத்தானின் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராகவும் அகலமாகவும் இருப்பவை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீளும் வீடுகளுக்கு நடுவே, காலை ஆறரை மணிக்கு இரண்டு பேர் இணையாக ஓட்டிக்கொண்டு பேசலாம். புதிதாக ஓட்டப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல தெரு நம் வட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் முதன்மையானது. கிராமத்துத் தேநீர்க்கடைக்குச் சைக்கிளில் வருகிறவர்கள் நம்மைப் போல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர்கள் அல்லர். பால் கேன் கட்டி வருகிறவர், கீரைக்கட்டோடு வருகிறவர், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் என்று தினமும் மிதிக்கிறவர்கள் அவர்கள். சைக்கிளைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசியதில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தேவகோட்டை இரவுச்சவாரி

அண்ணன் சொன்ன வழி நல்ல வழி. நெடுஞ்சாலையை விடுவதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நடுவழியில் அரை மணி நேரம் உட்காருவதைப் பற்றி என் தயக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

நம்மில் சிலர் 200 கிலோமீட்டர் பிரெவே சவாரிக்காகப் பழகிவருகிறோம். அதன் விதி எளிமையானது: 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பந்தயம் இல்லை, முதலிடம் இரண்டாமிடம் இல்லை. குறித்த நேரத்துக்குள் வந்த அனைவரும் ஒன்றுதான். ஆனால் சக்கரம் நிற்கும் நேரமும் கணக்கில் சேரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவருக்கு 200 கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரம் ஆகிறது. சாப்பாடு, பஞ்சர், தேநீர், கழிப்பறை அனைத்துக்கும் மூன்றரை மணிதான் மிச்சம். அதில் அரை மணி நேரத் தேநீர் ஒன்றிரண்டு போனால், கடைசி ஐம்பது கிலோமீட்டர் மூச்சு வாங்கிக்கொண்டு ஓட்ட நேரிடும். உட்கார்ந்து எழுந்தால் கால் இறுகிப்போவதும் உண்மை. ஆகவே நடுவில் பத்து நிமிடம், முடிவில் நீண்ட அமர்வு என்று வைத்துக்கொண்டால் என்ன?

பள்ளத்தூர்த் தெருக்கோடி

பள்ளத்தூர் வழியாக வருவதாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். முருகப்பா குழுமத்தாரின் பூர்வீகம் எங்கள் ஊர்தான். அவர்கள் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை நாடெங்கும் அனுப்பியது. பர்மாவில் கொடுக்கல் வாங்கலில் தொடங்கிய ஒரு பள்ளத்தூர்க் குடும்பம் தமிழ்நாட்டையே மிதிக்க வைத்திருக்கிறது. நம் வட்டாரத்தில் இன்றும் ஓடுகிற பழைய ஹெர்குலிஸ் ஒன்றைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவு வராமல் இருப்பதில்லை. இந்தத் தெருக்களின் வழியே சைக்கிள்காரர்கள் கூட்டமாகப் போவது பொருத்தமான காரியம் என்பது என் எண்ணம்.

அரிமளம் டீச்சர்

கோட்டையூர் அண்ணன் பெஞ்சைப் பற்றி எழுதியதால் நான் எழுதுகிறேன். வேகத்தையும் நேரத்தையும் விட எனக்கு அந்தப் பெஞ்சில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதை எழுத்தறிவோடு சேர்த்தே முன்வைத்தார். ஊர் ஊராகப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கல்லுடைப்பவர்களும், நாற்று நடுபவர்களும், அறிவொளித் தொண்டர்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும் அதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் தட்டுப்பாடு வந்தபோது, குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். அந்தக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். செட்டிநாட்டின் வடபகுதி ஊர்கள் பல திருமயம் தாலுகாவில் இருப்பதால், இது பக்கத்து வீட்டுக் கதையன்று, நம் கதை.

என் தாயாரும் அந்த நாளில் கற்றவர்தான். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார்; சந்தைக்குப் போவார்; ரேஷன் அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு வருவார். பேருந்துக்காகக் காத்திருந்த பொழுதெல்லாம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் வழியில் தேநீர்க்கடையில் இறங்கி உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடித்ததில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால், தூக்குவாளியை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், கடைக்கு வெளியே நின்றபடியே வாங்கிக்கொண்டு வருவார். சைக்கிள் அவருக்குச் சாலையைத் திறந்துவிட்டது. தேநீர்க்கடைப் பெஞ்சு இன்னும் திறக்கவில்லை.

நம் குழுவிலும் இது கண்கூடு. பேக்கரி வாசலில் நிற்கும்போது ஆண்கள் பெஞ்சில் இருக்கிறார்கள். நாங்கள் நான்கைந்து பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறோம். யாரும் எங்களை உட்கார வேண்டாம் என்று சொன்னதில்லை. உட்காருங்கள் என்று கேட்டதும் இல்லை. கிராமத்துக் கடையில் இது இன்னும் கடினமாக இருக்கும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனவே நிறுத்தம் எங்கே என்று முடிவு செய்யும்போது, பெண்கள் கூச்சமில்லாமல் உட்காரக்கூடிய கடையா, பக்கத்தில் சுத்தமான கழிப்பறை உண்டா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டுதான் பல பெண்கள் தண்ணீரே குடிக்காமல் சவாரிக்கு வருகிறார்கள். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிநீரும் காற்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்துக்கு அருகே ஒரு பங்கைக் குறித்து வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

புதுவயல் சக்கரம்

டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு, நிறுத்தம் எங்கே என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன்.

நெடுஞ்சாலையை விட்டு ஊர்ச்சாலையில் இறங்கினால் முதல் பகை நெருஞ்சி. மழைக்குப் பிறகு சாலையோரத்தில் மஞ்சள் பூவோடு படர்ந்து, காய்ந்ததும் ஒவ்வொரு காயும் முள்ளாகிவிடும். இரண்டாவது பகை சீமைக்கருவேலம். கரிமூட்டத்துக்கு வெட்டி ஏற்றிப் போகும்போது சாலையில் உதிர்கிற முள், மெல்லிய டயரை ஒரே குத்தில் முடித்துவிடும். இந்த முள்ளில் ஒரு சூது உண்டு: குத்திய உடனே காற்று இறங்காது. முனை ஒடிந்து டயருக்குள்ளேயே இருந்துகொண்டு, அடுத்த டியூபையும் துளைக்கும். பஞ்சர் ஒட்டியவுடன் டயரை மாட்ட அவசரப்படாதீர்கள். டயரின் உட்புறம் முழுக்க விரல் நுனியால் மெதுவாகத் தடவி வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத முள் விரலுக்குத் தட்டுப்படும். அதைக் குறடால் பிடுங்கிவிட்டுத்தான் டியூபைப் போட வேண்டும். ஒட்டும் முறையிலும் பொறுமை வேண்டும்: தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் குறித்து, துடைத்துக் காய வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, அது பளபளப்பு மங்கி ஒட்டும் பதத்துக்கு வந்த பிறகே பேட்ச் வைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது வைத்தால் நான்கு கிலோமீட்டரில் கழன்றுவிடும்.

இன்னொன்று, விலை உயர்ந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு. உங்கள் சக்கரத்தில் இருப்பது மெலிந்த பிரெஸ்டா வால்வு. கிராமத்துக் கடைகளில் உள்ள பம்பு வேறு வகை வால்வுக்கானது. அது உங்கள் வண்டியில் நேராகப் பிடிக்காமல் போகலாம். பித்தளை அடாப்டர் ஒன்று மிகச் சிறிய விலையில் கிடைக்கிறது. சீட்டுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது இருந்தால் பெரும்பாலான ஊர்க் கடைகளில் காற்றடித்துக்கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்கு ஏற்ற வேண்டும் என்பதும் இல்லை. ஊர்ச்சாலையின் குண்டு குழிக்குக் கொஞ்சம் குறைத்தே வைத்தால் கைக்கும் இடுப்புக்கும் நல்லது.

ஆக, பஞ்சர்க்கடை பக்கத்திலேயே இருக்கிற தேநீர்க்கடையைப் பாருங்கள். ஒருவருக்கு ஒட்டி முடிக்கிற நேரம்தான் மற்றவர்களுக்கு ஒரு கிளாஸ் ஆற்றிக் குடிக்கிற நேரம்.

காரைக்குடி மருந்தாளுநர்

உடல்நலம் பற்றிச் சுருக்கமாக. தேநீர் உடம்பின் நீரை இழுத்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஒன்றிரண்டு கிளாஸ் குடிப்பதால் அப்படி ஆவதில்லை, தேநீரில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனால் தேநீரை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான அளவு. கோடையில் வியர்ப்பதைப் பொறுத்து இன்னும் கூடும். வியர்வையோடு உப்பும் போகிறது என்பதால், சித்திரை வைகாசியில் தேநீருக்குப் பதில் உப்புப் போட்ட நீர்மோர் குடிப்பது மேல். காலையில் பழைய சோற்று நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போகிறவர்கள் இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்துவருகிறார்கள்.

இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு தேநீர் குடிக்க வேண்டாம். கீரை, பயறு வகைகளில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேநீர் குறைக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பெண்கள் இதைக் கவனத்தில் கொள்வது மிகவும் நல்லது. தண்ணீரே குடிக்காமல் ஓட்டுவதாக டீச்சர் எழுதியது என்னைக் கவலைப்பட வைத்தது. வெயிலில் அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடக்கூடும். கழிப்பறை உள்ள நிறுத்தம் என்பதை வசதியாகப் பார்க்காமல் அவசியமாகப் பார்க்க வேண்டும்.

கடையில் சூடாக வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் கிடைத்தால் சாப்பிடுங்கள். ஆனால் பாதி வழி பாக்கி இருக்கும்போது எண்ணெய்ப் பலகாரத்தை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வேகவைத்த சுண்டலோ வாழைப்பழமோ மிதிக்கும்போது வயிற்றைத் தொந்தரவு செய்யாது.

தேவகோட்டை இரவுச்சவாரி

டீச்சருக்கும் மருந்தாளுநர் ஐயாவுக்கும் நன்றி. பெஞ்சைப் பற்றி டீச்சர் எழுதியதை எங்கள் பிரெவே நண்பர்களிடமும் படித்துக் காட்டினேன். நேரம் கருதி நாங்கள் கேட்டதையும் விட்டுக்கொடுக்காமல், எல்லோரும் ஒரே இடத்தில் உட்காரவும் ஒரு வழி தோன்றுகிறது.

நெடுந்தூரம் போக விரும்புகிறவர்கள் நான்கரை மணிக்கே விளக்கோடு புறப்பட்டு, தங்கள் வேகத்தில் ஒரு பெரிய சுற்று முடித்துவிட்டு, ஆறரைக்குக் கானாடுகாத்தான் கடைக்கு வந்து சேருகிறோம். மற்றவர்கள் ஐந்தரைக்குக் கிளம்பி நேராக அதே கடைக்கு வாருங்கள். தூரம் வேறு, வேகம் வேறு, தேநீர் ஒன்று. அதற்குப் பிறகு ஆத்தங்குடி வழியில் யாரும் யாரையும் முந்துவதில்லை. மிக மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால் போகட்டும், எங்களில் இருவர் கடைசியில் வருகிறோம். குறித்த நேரத்துக்குக் கடைக்கு வந்து சேருவதும், குறித்த நேரத்துக்கு எழுவதும் எங்களுக்கு நல்ல பயிற்சியே. பின்பக்கச் சிவப்பு விளக்கு எல்லோருக்கும் கட்டாயம் என்று வைத்துவிடலாம். மார்கழியில் ஆறு மணிக்கும் வெளிச்சம் சரியாக வருவதில்லை.

கோட்டையூர்க்காரர்

தம்பி சொன்ன ஏற்பாடு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது. நேற்று மாலை தனியாகவே அந்த வழியில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கடை ஒன்றில் நின்றபோது கண்டதைச் சொல்கிறேன். மாஸ்டர் வெந்நீரில் கிளாஸை அலசி, அடியில் சர்க்கரையைப் போட்டு, காய்ந்த பாலை ஊற்றி, துணிப்பை வடிகட்டியிலிருந்து டிகாக்சனைச் சேர்த்து, கை உயரத்துக்குத் தூக்கி இரண்டே ஆற்று ஆற்றினார். நுரை கிளாஸின் விளிம்பில் வந்து நின்றது, ஒரு சொட்டும் கீழே விழவில்லை. பக்கத்தில் பால் கேன் கட்டிய ஹெர்குலிஸில் வந்த பெரியவர் ஒருவர் தன் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே என் வண்டியைச் சுற்றி வந்தார். பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, 'காத்து பத்தாது தம்பி' என்றார். வீட்டில் வந்து மானியில் பார்த்தேன். அவர் சொன்னது மிகச் சரி. அவர் வண்டியில் கம்பி பிரேக்கு. மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் பிடிக்காது என்பதற்காக, தூறல் விழுந்தவுடன் வேகத்தைப் பாதியாக்கிவிடுவாராம். கேன் நிறையப் பாலோடு தினமும் போகிறவருடைய இந்தக் கணக்கை நம் புதிய ஆட்கள் அவர் வாயால் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு நீங்களும் எங்களோடு உட்காருங்கள் என்று கேட்டேன். பால் ஊற்றி முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு வேண்டுகோள். கானாடுகாத்தானில் நாம் பார்க்கிற பெரிய வீடுகள் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. திண்ணை காலியாக இருக்கிறதே என்று ஏறி உட்காரவோ, கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே போய்ப் படமெடுக்கவோ வேண்டாம். ஆத்தங்குடியிலும் அப்படியே. அங்கே கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊற வைத்துக் காய வைத்துத்தான் பூக்கற்களைச் செய்கிறார்கள். காயப் போட்ட கற்களுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் அன்றைய கூலி வீணாகும். பார்க்க ஆசையிருந்தால், கேட்டுவிட்டுப் போவோம்.

கடையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை டீச்சரிடமும் குழுவிலுள்ள மற்றப் பெண்களிடமும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அவர்கள் உட்காருகிற கடையில் நாம் எல்லோரும் உட்காரலாம்.

புதுவயல் சக்கரம்

ஆமோதிக்கிறேன். பம்பும் பேட்ச் பெட்டியும் அடாப்டரும் என்னிடம் இருக்கும். அந்தப் பெரியவர் வந்தால் அவருடைய ஹெர்குலிஸுக்குச் செயின் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டுத் தருகிறேன். காசு வாங்க மாட்டேன்.

அரிமளம் டீச்சர்

பொறுப்பை ஏற்றுக்கொள்கிறோம். நாங்கள் மூன்று பேர் போய் இரண்டு கடைகளைப் பார்த்தோம். முதல் கடையில் இடம் தாராளம். ஆனால் சிகரெட் புகை முகத்தில் அடித்தது, விட்டுவிட்டோம். இரண்டாவது கடையைக் கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். அந்த அம்மாதான் பணியாரம் ஊற்றுகிறார். வேப்பமரத்தடியில் பெஞ்சு இரண்டு கிடக்கின்றன, இன்னும் இரண்டு போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். கடைக்குப் பின்னால் அவர்கள் வீடு. பெண்கள் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கேட்பதற்கு முன்பே அந்த அம்மா சொல்லிவிட்டார். பஞ்சர்க்கடை கூப்பிடு தூரம்.

அவர்கள் கேட்டது ஒன்றுதான். சைக்கிள்களைக் கடை வாசலை மறைக்காமல் எதிர்ச்சுவர் ஓரமாக நிறுத்த வேண்டும். வழக்கமாக வருகிறவர்களுக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது. எத்தனை பேர் வருகிறீர்கள், யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதைச் சனிக்கிழமை மாலைக்குள் இங்கே எழுதிவிடுங்கள். அதற்குத் தக்கபடி பாலுக்குச் சொல்லி வைப்பார்கள், மாவும் ஆட்டி வைப்பார்கள்.